முனைவர்களுக்கான ஆய்வுப் பணிகளைப் பொதுவில் அறிவியுங்கள்: அரசுப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் 20 அரசுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், அவற்றின் ஆய்வு மேலாண்மை அலுவலகங்களுக்குப் பொறுப்பேற்றிருப்போருக்கும்,

முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வுப் பணிகளுக்கு இனிப் பொது விண்ணப்பம் பெறப்படமாட்டாது என்றும், ஆய்வு மானியம் வைத்திருக்கும் திட்டத் தலைவர் பெயர் குறித்துப் பரிந்துரைப்பவர்கள் மட்டுமே பரிசீலிக்கப்படுவார்கள் என்றும் உங்களில் ஒரு பல்கலைக்கழகம் அண்மையில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தச் சுற்றறிக்கை எழுத்தில் வைத்ததை வேறு பல இடங்கள் எழுதாமலேயே நெடுங்காலமாக நடைமுறையில் வைத்திருக்கின்றன. ஆகவே ஒரு நிறுவனத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர்வது நியாயமாகாது. ஆனால் இதுவரை பழக்கமாக இருந்த ஒன்று இப்போது விதியாகிறது. இதைப் பார்த்தும் பேசாமலிருக்க என்னால் முடியவில்லை.

நான் தாவர நோயியல் படித்தவள். நிபோங் திபால் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, அரசுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வரை வந்தேன். செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்யும் கானோடெர்மா என்ற பூசணமே என் ஆய்வுப் பொருள். உலகில் இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாகப் பாமாயில் உற்பத்தி செய்யும் நாடு நம்முடையது. அந்த மரத்தை உள்ளிருந்து தின்றுவிடும் நோய்க்கு இன்றுவரை முழுமையான தீர்வு இல்லை. என் பெற்றோர் கூலிக்குக் குலை வெட்டிய மரத்தைப் பற்றி ஆராய்வதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. என் படிப்புச் செலவின் பெரும்பகுதியை இந்நாட்டு மக்களின் வரிப்பணம் ஏற்றது. அந்தப் படிப்பு முடியும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை உங்களிடம் நேராகச் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன்.

அறிவியல் துறைகளில் முனைவர் பட்டம் ஒரு தொடக்கம் மட்டுமே. மேற்பார்வையாளரின் நிழலில் செய்த ஆய்விலிருந்து வெளியே வந்து, வேறோர் ஆய்வுக்கூடத்தில் வேறொரு முறையைக் கற்று, சொந்தமாக ஒரு கேள்வியை எழுப்பி, அதைத் தொடர்ந்து சென்று விடை காணும் ஆற்றல் உண்டு என்று ஒருவர் நிறுவுவது அதற்குப் பின் வரும் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான். இந்தக் கட்டத்தைத் தாண்டாதவரை விரிவுரையாளர் பணிக்கு நீங்களே தயங்குகிறீர்கள். அனுபவம் போதாது என்று நேர்முகத் தேர்வில் சொல்கிறீர்கள். அப்படியானால் அந்த அனுபவத்தைப் பெறும் வழி எல்லாருக்கும் கண்ணில் படும்படி இருக்கவேண்டும் அல்லவா?

இன்று அது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் அலுவலக உதவியாளர் பணி ஒன்று காலியானால், பணித்தரம், சம்பள அளவு, தகுதி, விண்ணப்ப இறுதி நாள் ஆகிய அனைத்தும் அகப்பக்கத்தில் வெளியாகின்றன. முனைவர் பட்டம் பெற்றவருக்கான ஆய்வுப் பணியோ பெரும்பாலும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு படமாக வந்து விழுகிறது. கைக்குக் கை மாறி எழுத்து மங்கிப்போன படம். மேலே பல்கலைக்கழகச் சின்னம், நடுவில் ஆய்வுத் தலைப்பு, கீழே ஒருவருடைய கைத்தொலைபேசி எண். சம்பளம் இருக்காது, எத்தனை மாதத்து ஒப்பந்தம் என்பது இருக்காது, விண்ணப்பம் எந்நாளில் முடிகிறது என்பதும் இருக்காது. “உடனடியாக வேலையில் சேரக்கூடியவர்கள்” என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். அந்த எண்ணை அழைத்தால், ஆள் எடுத்தாகிவிட்டது என்று மறுமுனையில் மரியாதையாகவே சொல்வார்கள். சில வேளைகளில் படம் வெளிவருவதற்கு முன்பே ஆள் முடிவாகியிருக்கும். கோப்பில் சேர்க்க ஒரு விளம்பரம் தேவைப்பட்டதால் அது வெளியிடப்பட்டிருக்கும். எனக்கு இது நேர்ந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த வேதியியலாளர், இயற்பியலாளர், கடலுயிரியலாளர் ஒவ்வொருவருக்கும் நேர்ந்திருக்கிறது. 20 பல்கலைக்கழகங்களில் எங்கெங்கே இத்தகைய பணிகள் உள்ளன என்பதை ஒரே இடத்தில் காணும் வசதியை நான் தேடிய காலம் முழுவதும் கண்டதில்லை.

இப்படிப்பட்ட ஏற்பாட்டில் வேலை கிடைப்பது யாருக்கு? மேற்பார்வையாளருக்குச் செல்வாக்கு இருந்தால் மாணவருக்குக் கிடைக்கும். என் மேற்பார்வையாளர் திறமையானவர், நேர்மையானவர்; நான் பட்டம் பெற்ற சில மாதங்களில் அரசு ஊழியர்களுக்குரிய 60 வயதை எட்டி ஓய்வு பெற்றார். அவருடைய மானியங்கள் முடிந்தன, ஆய்வுக்கூடம் வேறொருவருக்குப் போனது. அந்த நாளோடு என் பெயரைச் சொல்லக்கூடியவர் எவரும் பல்கலைக்கழகத்துக்குள் இல்லாமல் போனார். என் ஆய்வின் தரம் அந்த ஒரு நாளில் குறைந்துவிடவில்லை. என்னை அறிந்தவர் குறைந்தார், அவ்வளவுதான். பரிந்துரை மட்டுமே வழி என்று விதி வைத்தால், என்னைப் போன்றவர்களுக்கு வழியே இல்லை என்றாகிறது.

இதை ஓர் இனத்தின் குறையாக நான் எழுதவில்லை. தோட்டப்புறத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்ணுக்கு எது நேர்கிறதோ அதுவே கிளந்தான் மீனவரின் மகனுக்கும், சரவாக்கின் காப்பிட்டிலிருந்து வந்த ஈபான் பழங்குடி மாணவிக்கும் நேர்கிறது. வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் பெற்றவருக்கு அனைத்துலக மாநாடுகளுக்குச் சொந்தச் செலவில் போய் அறிமுகம் தேடிக்கொள்ள வசதி இருப்பதில்லை. பேராசிரியர்களின் வீட்டு விருந்துகளில் அவர் இருப்பதில்லை. அவரிடம் இருப்பவை அவருடைய ஆய்வேடும் வெளியான கட்டுரைகளும் மட்டுமே. பொது விண்ணப்பம் ஒன்றுதான் அவற்றை ஒரு தேர்வுக் குழுவின் மேசைக்குக் கொண்டுபோகும். அதைத்தான் இப்போது எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

உங்கள் தரப்பு நியாயம் எனக்குத் தெரியாமலில்லை. ஆய்வு மானியம் திட்டத் தலைவரின் பொறுப்பில் வருகிறது. அடிப்படை ஆய்வு மானியம் போன்றவை இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன. ஆள் தேடுவதிலேயே அரை ஆண்டு போய்விட்டால் குறித்த காலத்தில் கட்டுரை வெளிவராது, அதற்கான கேள்வி திட்டத் தலைவரைத்தான் வந்து சேரும். தெரிந்த மாணவரை வைத்துக்கொண்டால் அந்த இடர் குறையும். இவை உண்மையான சிரமங்கள். என்னுடன் பணியாற்றிய இளம் விரிவுரையாளர்கள் இந்த நெருக்கடியில் தூக்கம் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மானியத்தின் பணம் திட்டத் தலைவருடையது அன்று, மக்களுடையது. தமக்கு ஏற்ற ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருக்கட்டும். யார் யார் விண்ணப்பிக்கலாம் என்பதையும் அவர் ஒருவரே முடிவு செய்வதுதான் தவறு. மூன்று வாரம் திறந்திருக்கும் ஒரு விளம்பரம் எந்த மானியத்தையும் கெடுத்துவிடாது.

வெளிநாடுகளிலும் பரிந்துரையால்தானே நடக்கிறது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜப்பானிய அறிவியல் மேம்பாட்டுக் கழகத்தின் ஆய்வு உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஜப்பானில் அழைக்கும் ஆய்வாளர் ஒருவர் வேண்டும். அவர் வழியாகத்தான் விண்ணப்பம் போகிறது. ஆனால் முனைவர் பட்டம் பெற்று 6 ஆண்டுகளுக்குள் இருக்கவேண்டும், காலம் 12 முதல் 24 மாதம், மாதம் 3,62,000 யென், குடியேறும் செலவுக்குத் தனித்தொகை, போக வர விமானக் கட்டணம் என்று எல்லாமே பொதுவில் எழுதப்பட்டிருக்கின்றன. முடிவைப் பேராசிரியர் தனியாக எடுப்பதில்லை, கழகம் மதிப்பிட்டு எடுக்கிறது. கோலாலம்பூரில் இருப்பவரும் கொழும்பில் இருப்பவரும் ஒரே விதியைப் படித்து, ஒரு ஜப்பானிய ஆய்வாளருக்குத் துணிந்து மின்னஞ்சல் எழுத முடிகிறது. ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளையில் விண்ணப்பதாரரே நேரடியாக விண்ணப்பிக்கிறார். ஆண்டின் எந்த நாளிலும் அனுப்பலாம், நாட்டுக்கு இவ்வளவு என்றோ துறைக்கு இவ்வளவு என்றோ ஒதுக்கீடு கிடையாது, தேர்வுக் குழு ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. வரவேற்கும் பேராசிரியரின் கடிதம் அங்கேயும் தேவைதான். அது விண்ணப்பத்தின் ஒரு பகுதி, அதுவே விண்ணப்பம் ஆகிவிடுவதில்லை.

ஐரோப்பிய ஆணையம் 2005-ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்களுக்கான சாசனத்தையும் அவர்களை வேலைக்கு எடுப்பதற்கான நடத்தை நெறிகளையும் வெளியிட்டது. ஆய்வுப் பணிகள் திறந்த முறையில் அறிவிக்கப்படவேண்டும், வேலை நிலைமையும் உரிமைகளும் விளம்பரத்திலேயே சொல்லப்படவேண்டும், எத்தனை இடம், என்ன அளவுகோல் என்பதை விண்ணப்பதாரர் முன்கூட்டியே அறியவேண்டும், தேர்வு முடிந்தபின் தம் விண்ணப்பத்தின் வலிமையும் குறையும் என்ன என்று அவருக்குத் தெரிவிக்கப்படவேண்டும் என்று அது சொன்னது. யூராக்சஸ் என்ற பொதுத் தளத்தில் ஐரோப்பாவின் ஆய்வுப் பணிகளை எந்த நாட்டவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். மேரி கியூரி பெயரிலுள்ள ஐரோப்பிய ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்துத் தோற்றவருக்கும் மதிப்பீட்டாளர்களின் கருத்துகள் எழுத்தில் அனுப்பப்படுகின்றன. என் தோழி ஒருத்தி அப்படித் தோற்று, அந்தக் கருத்துகளை வரி வரியாகப் படித்துத் திருத்தி, மறு ஆண்டு வென்று போனாள். இங்கே அவள் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு வந்து சேர்ந்தது என்று சொல்ல ஒரு வரிப் பதில்கூட இல்லை. அவளை நாம் இழந்ததற்குப் பணம் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை.

வேலை கிடைத்தபின் நடப்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் மறைவாக எடுக்கப்படும் வேலை மறைவாகவே நடத்தவும்படுகிறது. எனக்குக் கடைசியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. பிறகு தெரிந்தது, அது ஆறு மாத ஒப்பந்தம் என்று. தந்த தொகை ஊதியமாகக் கணக்கிடப்படவில்லை. ஆகவே ஊழியர் சேமநிதி இல்லை, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புக் காப்பீடும் இல்லை. ஒரு தொழிற்சாலையில் 5,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாத சம்பளத்தில் வேலை செய்பவருக்கு முதலாளி 13 விழுக்காட்டைச் சேமநிதியில் போடுகிறார். கிருமி நீக்கும் ஆட்டோக்ளேவ் கொதிகலனும் நச்சு வேதிப்பொருளும் கையாளும் ஆய்வாளருக்கு விபத்துக் காப்பீடுகூட எழுதப்பட்டிருக்கவில்லை.

அந்த ஆறு மாதம் என் ஆய்வுக்கு என்ன செய்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கானோடெர்மா செம்பனை நாற்றைத் தாக்குவதை ஆராய, முதலில் அந்தப் பூசணத்தை ரப்பர் மரக்கட்டையில் வளர்க்கவேண்டும். ஒரு செங்கல் போலக் கைக்கு அடங்கும் கட்டை. (பால்மரம் வெட்டியவர்களின் பேத்தி நான், அந்தக் கட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பாட்டியின் நினைவு வரும்.) கட்டையைக் கிருமி நீக்கி, உறைகூழ் ஊற்றி, பூசணத் துண்டை வைத்து, இருட்டறையில் வைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். வெண்ணிற இழை மெல்லப் படர்ந்து கட்டையின் ஆறு பக்கமும் மூடுவதற்கே இரண்டு மூன்று மாதம் ஆகும். பிறகு நாற்றின் வேர் அந்தக் கட்டையைத் தொடும்படி பையில் நடவேண்டும். இலை மஞ்சளாகி, நாற்றின் அடியில் பூசணத்தின் சிறு வெண்மொட்டு எட்டிப்பார்க்க மேலும் பல மாதம். எந்த நாற்று நோயைத் தாங்குகிறது, எது சாய்கிறது என்று எண்ணுவது அதற்கும் பின்னால்தான். இந்தப் பூசணம் எந்த ஒப்பந்தத்துக்காகவும் விரைந்து வளராது. என் கட்டைகள் வெண்மையாகி, நாற்றுகள் நட்டு வேர் பிடித்த நேரத்தில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நீட்டிப்புக் கோப்பு எந்த மேசையிலோ நின்றது. அந்த இடைவெளியிலும் நான் நாற்றங்காலுக்குப் போய்க்கொண்டிருந்தேன், ஏனென்றால் தண்ணீர் இல்லாமல் நாற்று காய்ந்தால் அதுவரை செய்த அனைத்தும் வீண். ஊழியர் அட்டை செயலிழந்துவிட்டதால் வாசலில் காவலரிடம் பெயர் எழுதி, வருகையாளர் அட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். காவலர் என்னை நன்றாக அறிந்தவர். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் கையெழுத்து வாங்கினார். என் திட்டத் தலைவரும் இதற்குக் காரணமல்லர். அவரும் அதே அலுவலகத்தின் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

என்னுடன் இருந்த இன்னொருவருக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமை. அவர் நுண்ணுயிரியல் ஆய்வாளர். இரண்டாவது நீட்டிப்பின்போது கருவுற்றிருந்தார். 2023 ஜனவரி முதல் தனியார் துறைப் பெண்களுக்கும் 98 நாள் ஊதியத்துடன் மகப்பேறு விடுப்பு சட்டப்படி உண்டு; அவரோ ஊழியராகக் கணக்கில் இல்லாததால் விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு போனார். குழந்தை சற்று வளர்ந்தபின் திரும்பி விண்ணப்பித்தபோது, பட்டம் பெற்று இத்தனை ஆண்டுக்குள் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அவரை நிறுத்தியது. பிள்ளை பெற்ற காலத்தையும் ஆய்வு செய்யாமல் சோம்பியிருந்த காலமாக எண்ணும் நிபந்தனை அது. ஐரோப்பியத் திட்டங்களில் மகப்பேறு, நோய் போன்ற காரணங்களுக்கான இடைவெளியைக் கணக்கிலிருந்து கழிக்கிறார்கள். நமக்கு அதைச் செய்யத் தனிச் செலவு எதுவும் இல்லை. விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

மைபிரைன்15 திட்டத்தின் கீழ் 2023-க்குள் 60,000 முனைவர்களை உருவாக்குவது என்று இந்த நாடு இலக்கு வைத்தது. அந்த இலக்கை நம்பி எங்கள் பெற்றோர் எங்களை மேலும் படிக்க அனுப்பினார்கள். 2030-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.5 விழுக்காட்டை ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது என்று வைத்திருந்தது இன்னோர் இலக்கு. 2020-இல் அது 0.95 விழுக்காடாக இருந்தது. முனைவர்களை உருவாக்க இலக்கு வைத்த அளவுக்கு, உருவானவர்கள் எங்கே போய் ஆராய்வார்கள் என்பதற்குத் திட்டம் வைக்கவில்லை. 2011-இல் உலக வங்கி வெளியிட்ட அறிக்கை ஏறத்தாழ பத்து லட்சம் மலேசியர்கள் வெளிநாட்டில் வாழ்வதாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பகுதியினர் உயர்கல்வி பெற்றவர்கள் என்றும் மதிப்பிட்டது. என் வகுப்பில் படித்தவர்களைப் பார்க்கிறேன். ஒருவர் சிங்கப்பூரில் ஆய்வாளர். இன்னொருவர் சீனாவில். மூன்றாமவர் பிரிக்ஃபீல்ட்ஸில் எஸ்.பி.எம். என்ற இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறார். நல்ல ஆசிரியர், மாணவர்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள், ஆனால் மெல்லிய படல மின்கலன்களைப் பற்றி அவர் கற்றதை இந்த நாடு ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. நிரந்தர வழியில்லாத ஒப்பந்த முறை என்ன விளைவைத் தரும் என்பதை மருத்துவத் துறையில் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்: 2016-இல் தொடங்கிய ஒப்பந்த நியமனம் 2021 ஜூலை 26-ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர்களை மருத்துவமனை வாசல்களுக்குக் கொண்டுவந்தது. ஆய்வாளர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள். நாங்கள் வெளிநடப்பு செய்தால் நோயாளிகள் காத்திருக்கப் போவதில்லை. அதனால்தான் எங்கள் குறை இத்தனை ஆண்டுகள் யார் காதிலும் விழவில்லை.

பினாங்கில் இருக்கும் என் தம்பி போன்ற இளையோர் இப்போது முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தால் முதல் மாதத்திலிருந்தே சம்பளமும் சேமநிதியும் உண்டு. ஆய்வில் ஆசை உள்ள பிள்ளையிடம் ஆய்வுக்கு வா என்று சொல்ல எனக்கு ஆசைதான். எந்த ஆதாரத்தைக் காட்டிச் சொல்வது என்பதே என் சங்கடம்.

ஆகவே உங்களிடம் கீழ்க்காணும் கோரிக்கைகளை வைக்கிறேன்.

பரிந்துரை மட்டுமே வழி என்று சொல்லும் சுற்றறிக்கையை வெளியிட்ட பல்கலைக்கழகம் அதைத் திரும்பப் பெறவேண்டும். மற்றவர்கள் அத்தகைய ஒன்றை வெளியிடாமலிருப்பதோடு, அதே வேலையைச் செய்யும் எழுதப்படாத பழக்கத்தையும் நிறுத்தவேண்டும். மானியத்திலிருந்து ஊதியம் தரப்படும் ஒவ்வோர் ஆய்வுப் பணியும் குறைந்தது மூன்று வாரம் உங்கள் அகப்பக்கத்தில் இருக்கவேண்டும். அதில் தொகை, ஒப்பந்தக் காலம், தகுதி, தேர்வு அளவுகோல், இறுதி நாள் ஐந்தும் கட்டாயம் இடம்பெறவேண்டும். துணைவேந்தர்கள் கூடிப் பேசும்போது, 20 பல்கலைக்கழகங்களின் பணிகளும் ஒரே இடத்தில் தெரியும் பொதுப் பட்டியல் ஒன்றுக்கு உடன்படுங்கள். ஒரு பட்டியலை நடத்தப் பெரும் முதலீடு தேவையில்லை. தேர்வு செய்யும்போது திட்டத் தலைவருடன், அந்த மானியத்தோடு தொடர்பில்லாத ஒருவராவது குழுவில் இருக்கட்டும்.

ஒப்பந்தம் ஓராண்டுக்குக் குறையக்கூடாது. உயிரியல், வேளாண்மை போன்ற, காலம் தேவைப்படும் துறைகளில் மானியம் முடியும்வரை ஒரே ஒப்பந்தமாக இருக்கவேண்டும். நீட்டிப்பதா இல்லையா என்ற முடிவு ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே எழுத்தில் தெரிவிக்கப்படவேண்டும். ஆய்வாளர்களை ஊழியர்களாகக் கணக்கில் எடுங்கள். சேமநிதியும் சொக்சோவும் மகப்பேறு விடுப்பும் அதிலிருந்து தானே தொடரும். இதற்கான தொகையை மானிய விண்ணப்பத்திலேயே சேர்க்க அனுமதிக்குமாறு உயர்கல்வி அமைச்சிடம் நீங்கள் சேர்ந்து கேளுங்கள். ஆய்வாளர்கள் தனித்தனியாகக் கேட்டால் அது கேட்கப்படாது, 20 துணைவேந்தர்கள் கேட்டால் கேட்கப்படும்.

பட்டம் பெற்ற ஆண்டைக் கணக்கிடும்போது மகப்பேறு, நோய், பெற்றோரைப் பராமரித்தல் ஆகியவற்றுக்குச் சென்ற காலத்தைக் கழியுங்கள். வயது வரம்பு வைத்திருப்பவர்கள் அதை நீக்குங்கள்.

விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் பதில் அனுப்புங்கள். நேர்முகத் தேர்வு வரை வந்து தேர்வாகாதவருக்கு ஏன் தேர்வாகவில்லை என்பதை இரண்டு மூன்று வரியிலாவது எழுதுங்கள். ஆண்டு முடிவில் எத்தனை ஆய்வுப் பணிகள் இருந்தன, எத்தனை பொது விளம்பரத்தின் வழி நிரப்பப்பட்டன, சராசரி ஒப்பந்தக் காலம் எவ்வளவு, ஒப்பந்தம் முடிந்தவர்கள் எங்கே சென்றார்கள் என்ற விவரங்களை உங்கள் ஆண்டறிக்கையில் வெளியிடுங்கள். இந்த மடலுக்கு உங்கள் ஆய்வு மேலாண்மை அலுவலகம் எழுத்து வடிவில், பொதுவில் படிக்கும்படி பதில் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மேற்சொன்னவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை எப்போது நடைமுறைக்குக் கொண்டுவருவீர்கள், எதை ஏற்க இயலாது, அதற்குக் காரணம் என்ன என்பதை அதில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தாவர நோயியல் ஆய்வாளர் ஒருவர்,
கோலாலம்பூர்